பொங்கல் லீவுக்கு ஒரு கணக்கு

பொங்கலுக்கு ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க ரெண்டாவது நாளே போனை நோண்ட ஆரம்பிச்சிடுவாங்க. அவங்களுக்காகவே ஒரு வேலை இருக்கு: பறவை எண்ணுறது.

இதுக்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவுல கிறிஸ்துமஸ் அன்னிக்கு அணி பிரிஞ்சு துப்பாக்கியோட கிளம்பி, யார் அதிகமா சுட்டாங்கன்னு போட்டி வைப்பாங்க. 1900-ல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், "சுட வேண்டாம், எண்ணுவோம்" என்று கூப்பிட்டார். முதல் வருஷம் சேர்ந்தது 27 பேர்தான். அது இன்னும் நடக்குது. நம்ம நாட்டுல ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-ல் தொடங்குச்சு. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015-ல் பொங்கலையே பிடிச்சுக்கிட்டாங்க. போகி, பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும்பொங்கல்னு 4 நாள். ஒரு இடத்துல 15 நிமிஷமாவது நின்னு பார்த்ததை ஈபேர்ட் தளத்துல ஏத்தணும், அவ்வளவுதான்.

எங்க கடலூர் மாவட்டத்துல எண்ணணும்னா முதல்ல வீராணம். முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி. அவனோட பட்டப்பேர் வீரநாராயணன், அது தேய்ஞ்சுதான் வீராணம். கீழணையிலிருந்து வடவாறு வழியா கொள்ளிடத் தண்ணி வரும். 2004-லேர்ந்து சென்னைக்கும் இங்கேயிருந்து குழாய்ல போகுது. சென்னைக்காரங்க குடிக்கிற தண்ணியில மிதக்கிற நாமக்கோழியை ஒரு தடவையாவது நேர்ல பார்த்துட்டுப் போகலாம். கறுப்பு உடம்பு, நெத்தியில வெள்ளை நாமம்.

ஏரிக்கரைக்கும் பிச்சாவரத்துக்கும் ஆளுங்க போறாங்க, சந்தோஷம். வரப்புல நிக்கிறவங்க கம்மி. சம்பா வயலும் மாசக்கணக்கா தண்ணி நிக்கிற இடம்தானே? நத்தைகுத்தி நாரை அங்கதான் மேயும். அறுப்புக்குத் தண்ணி வடிச்ச வயல்ல ஒரு கூட்டம் இருக்கும், சேறு காயாத வயல்ல வேற கூட்டம் இருக்கும்.

தாத்தா காலத்துல கூட்டம் எழும்பினா வானமே மறையும்பாங்க. எத்தனைன்னு கேட்டா பதில் இல்லை. சிதம்பரம் ரோட்டோரம் வயலெல்லாம் மனைக்கட்டு ஆகும்போது, இங்க என்ன இருந்துச்சுன்னு காட்ட ஒரு தாள் கிடையாது. கதையை எந்த ஆபீஸ்லயும் வாங்க மாட்டாங்க.

ஒரு நாள் எண்ணிக்கையை வச்சு பறவை குறைஞ்சுதா கூடுச்சான்னு சொல்ல முடியாது. மழை அதிகமான வருஷம் அதுங்க சிதறிப் போயிடும். அதனால வர்றவங்க ஒரே வரப்பைப் பிடிச்சுக்குங்க. விடியக்காலையில வாங்க, வெயில் ஏறினா ஒதுங்கிடும். பேர் தெரியாட்டி ஊகிக்காதீங்க, வெறும் "வாத்து"ன்னு போட்டாலும் ஏத்துக்குவாங்க. அடுத்த தைக்கு அதே வரப்பு, அதே நேரம்.