உள் தணிக்கை மேலாளர் (வங்கி)

வங்கியின் கடன், கருவூலம், கிளைப் பணிகளில் உள்ள கட்டுப்பாடுகளை நிறுவனத்துக்குள் இருந்தே சோதித்து அறிக்கை தரும் அதிகாரி. ஆண்டுக் கணக்கைச் சான்றளிக்கும் சட்டமுறைத் தணிக்கையாளர் வேறு.

கிளையில் பெட்டக ரொக்கம் எண்ணப்படும். இரட்டைச் சாவிப் பொறுப்பு சரிபார்க்கப்படும். நகைக்கடன் பொட்டலங்கள் பிரித்து எடை பார்க்கப்படும். இந்தியாவில் இடர் அடிப்படையிலான உள் தணிக்கைக்கு ரிசர்வ் வங்கி 2002 டிசம்பரில் வழிகாட்டியது; அதன்படி இடர் மிகுந்த பிரிவுகளுக்கே முன்னுரிமை.

சுதந்திரமே இப்பதவியின் உயிர்நாடி. ரிசர்வ் வங்கியின் 2021 ஜனவரி சுற்றறிக்கைப்படி உள் தணிக்கைத் தலைவருக்கு வணிக இலக்கு தரக்கூடாது. அவர் தலைமைச் செயல் அதிகாரியின் கீழ் இருந்தால், இயக்குநர் அவையின் தணிக்கைக் குழு காலாண்டுக்கு ஒருமுறையேனும் உயர் நிர்வாகத்தினர் இல்லாமல் அவரைச் சந்திக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் இடர் அடிப்படையிலான உள் தணிக்கை முறை, வைப்பு வாங்கும் வங்கிசாரா நிதி நிறுவனங்கள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது.