இடுக்கியில் தொலைந்த ‘இ’

போடிநாயக்கனூரில் ஏலக்காயும் ஏலம்தான், அதை விலை கூறி விற்பதும் ஏலம்தான். ஒரு காலத்தில் வாய்விட்டுக் கேட்ட விலையை இப்போது கணினியில் பொத்தானைத் தட்டிக் கேட்கிறார்கள். அன்றைய விலை தமிழிலேயே செய்தியாகி, போடிமெட்டு ஏறி, இடுக்கியின் பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்குப் போய்விடுகிறது. அனுப்பியது ஆண்ட்ராய்டு, பார்த்தது ஐபோன், கணக்கில் ஏற்றியது விண்டோஸ். ஒன்றுக்கொன்று போட்டியான மூன்று கம்பெனிகள். யாருக்கும் இது அதிசயமாகப் படுவதில்லை. இதே செய்தி 1990களின் கடைசியில் கிளம்பியிருந்தால், இடுக்கி போய்ச் சேர்வதற்குள் ஓர் எழுத்தைப் பறிகொடுத்திருக்கக்கூடும்.

அன்றைய கணினிக்கு எழுத்து என்றால் ஓர் எண். மொத்தம் 256 இடங்கள். பாதியை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த 128-இல் 247 எழுத்துகளை எப்படி அடைப்பது? எழுத்தை உடைத்தார்கள். ‘போ’ என்றால் முதலில் இரட்டைக்கொம்பு, அடுத்து ப, அப்புறம் கால். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு செய்தார், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் செய்தார், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் மயிலை செய்தார். எல்லாம் நல்ல தமிழ், அவரவர் வீட்டுக்குள். ஒருவர் எழுத்துருவில் எழுதியதை இன்னொருவர் எழுத்துருவில் திறந்தால் குப்பையாகக் கொட்டியது.

1997-இல் சிங்கப்பூரில் கூடிப் பேசினார்கள். கடல் கடந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே மாதக்கணக்கில் வாதாடி, விண்டோஸ், மேக், யூனிக்ஸ் மூன்றிலும் ஓடும்படி ‘திஸ்கி’ என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாடு ‘டாப்’, ‘டாம்’ என்று இரண்டு குறியீடுகளைப் பெற்றெடுத்தது. பொதுவான ஒன்று வேண்டும் என்று கூடியவர்கள், ஆளுக்கொரு பொதுவோடு கலைந்தார்கள். அதற்குள் திஸ்கிக்குள் ஒரு திருடன் புகுந்திருந்தான்.

திஸ்கியில் ‘இ’க்குக் கிடைத்த இடம் 173. ஐரோப்பிய மொழிகளின் குறியீட்டிலோ அது ஒளிந்துகொள்ளும் இணைப்புக்கோட்டின் இடம். வரி முடிவில் சொல் உடைந்தால் மட்டும் தலைகாட்டும், மற்ற நேரத்தில் கண்ணுக்கே தெரியாது. சில கணினிகள் தமிழின் ‘இ’யையும் அந்தக் கோடு என்றே நம்பி மறைத்துவிட்டன. இடுக்கி ‘டுக்கி’ ஆனது, இஞ்சி ‘ஞ்சி’ ஆனது. திஸ்கியின் 1.7 பதிப்பில் ‘இ’யை 254-க்குக் குடிமாற்றினார்கள். புது வீட்டில் அது நிம்மதியாக உட்காரும் முன்பே தெருவே இடம் மாறத் தொடங்கியது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் யூனிகோடு 1991-லேயே வந்துவிட்டது. இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு ‘இஸ்கி’ குறியீட்டை அச்சாக வைத்து அதில் தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். இங்கே கொம்புக்கு முதல் மரியாதை இல்லை. முதலில் ப, அப்புறம்தான் ஓகாரக் குறி. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது இயந்திரத்தின் வேலை. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கேட்டவர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே இன்றும் தோன்றுகிறது. ஆனால் விண்டோஸ் 2000 யூனிகோடு தமிழையும் லதா எழுத்துருவையும் கையோடு கொண்டுவந்தது. கொம்பை நகர்த்தும் வித்தை தெரியாத பழைய கணினிகளில் ‘போடி’யின் கொம்பு புள்ளிவட்டத்தோடு பின்னால் நின்று முழித்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. தனி இடக் கட்சியின் ‘டேஸ் 16’க்கு மாற்று என்ற நாற்காலி கிடைத்தது. கடைக்கு வந்த கைபேசிகளோ யூனிகோடோடுதான் வந்தன.

அப்போதும் ஒரு வில்லங்கம் மிச்சமிருந்தது. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். ஆப்பிளின் பழைய கோப்பு முறை, கோப்புப் பெயர்களில் அதை இரண்டாகப் பிளந்து வைத்தது. லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்தது. ‘போடி’ என்ற கோப்பு கண்ணெதிரே இருக்க, தேடினால் இல்லை என்று வரும். இரண்டும் ஒன்றே என்ற விதி யூனிகோடிலேயே உண்டு. மென்பொருள்கள் அதை மதிக்கத் தொடங்கிய பிறகுதான் போடி போடியானது.

‘இ’யின் இன்றைய எண் 2951. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் விண்டோஸிலும் அதே எண்தான். அந்த இடத்தில் வேறு யாரும் குடியில்லை.