கரி பஸ்ஸும் பொரித்த எண்ணெயும்

"கிரீஸிலிருந்து கிரீஸுக்கு" என்று பெயர் சூட்டிக்கொண்டு, 2008-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் லண்டன் மாநகரிலிருந்து சில மோட்டார் வண்டிகள் புறப்பட்டன. முதல் கிரீஸ், மெக்கானிக்கின் கையில் ஒட்டிக்கொள்கிற பிசுக்கு. இரண்டாவது கிரீஸ், ஸாக்ரடீஸ் பிறந்த தேசம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் பேதமே கிடையாது! போய்ச் சேரவேண்டிய இடம் ஏதென்ஸ். தூரம் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். ஆண்டி பாக் என்ற ஆங்கிலேயர் ஏற்பாடு செய்த பந்தயம் இது. இதன் நிபந்தனைதான் விசித்திரமானது. வழியில் உள்ள ஓட்டல்களின் கொல்லைப்புறத்துக்குப் போக வேண்டும். பொரித்து முடித்துக் கொட்டுவதற்கு வைத்திருக்கும் எண்ணெயைக் கேட்டு வாங்க வேண்டும். அதை வடிகட்டி, வண்டியில் ஊற்றிக்கொண்டு மேலே பிரயாணம் செய்ய வேண்டும்.

மோட்டார் கார் திருவோடு ஏந்திப் புறப்பட்ட இந்தக் கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு அடங்கியதும் வேறொரு நினைவு எழுந்தது. சில பேர் விளையாட்டாகச் செய்த இந்தக் காரியத்தை, தேசம் தேசமாக ஜனங்கள் வேறு வழியின்றிச் செய்த காலம் ஒன்று இருந்ததல்லவா? அதை எவ்வளவு சுலபமாக மறந்துவிட்டோம்!

பொரித்த எண்ணெயில் மோட்டார் ஓடுவது மந்திரமும் அல்ல, மாயமும் அல்ல. டீசல் என்று நாம் சொல்வது ஒரு மனிதருடைய பெயர். ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த எஞ்சின், 1900-ஆம் வருஷம் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. காலனிகளில் விளையும் பொருளைக் கொண்டே அங்கே எஞ்சின்களை ஓட்ட முடியுமா என்று பார்க்கப் பிரெஞ்சு சர்க்கார் விரும்பியதுதான் காரணம். பார்க்க வந்தவர்களில் பலர் வித்தியாசத்தையே கவனிக்கவில்லையாம். ஆனால் பூமியைத் தோண்டி எடுத்த எண்ணெய் மலிவாகக் கிடைத்தபோது கடலை எண்ணெயை யார் நினைப்பார்கள்?

பொரித்த எண்ணெயில் சில சங்கடங்களும் உண்டு. குளிரில் அது இறுகிப் போகும். ஆகையால் பெரும்பாலும் சாதாரண டீசலில் எஞ்சினைக் கிளப்பி, அந்தச் சூட்டில் எண்ணெய் இளகிய பிறகு மாற்றிவிடுவார்கள். எண்ணெயில் உணவுத் துணுக்கோ தண்ணீரோ தங்கிவிட்டால் குழாய் அடைத்து, வண்டி நடுரோட்டில் படுத்துக்கொள்ளும். எண்ணெய் இனாம்தான், உழைப்பு இனாம் அல்ல.

இந்தப் பாடத்தை ஐரோப்பா முன்னமேயே ஒரு முறை படித்திருந்தது. 1940-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஜெர்மனி டென்மார்க்கிலும் நார்வேயிலும் புகுந்தது. யுத்தத்தில் சேராத ஸ்வீடனுக்குக் கடல் வழி அடைபட்டது. பெட்ரோல் வரவு நின்றது. அந்தத் தேசத்தில் ஏராளமாக இருந்தது காடு ஒன்றுதான். ஜார்ஜ் இம்பேர் என்ற அல்சேஸ் நாட்டு எஞ்சினீயர் 1920-களில் உருவாக்கிய ஒரு வகை உலை அப்போது கை கொடுத்தது. விறகைப் போதிய காற்றில்லாமல் எரித்தால் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிளம்பும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்கிற வேலைக்குச் சுமார் 3 கிலோ விறகு வேண்டும். ஸ்வீடனில் சுமார் 70,000 வண்டிகள் இப்படி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. யுத்த முடிவில் ஜெர்மனியில் இந்த எண்ணிக்கை 5 லட்சத்தை எட்டியது.

எண்ணிக்கையைச் சொல்லிவிட்டேன். அந்த வண்டிகளை ஓட்டியவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டாமா? காலையில் வண்டி கிளம்புமுன் கால் மணி நேரம் அடுப்பு மூட்ட வேண்டும். வழியில் சாம்பலைத் தட்ட வேண்டும். வடிகட்டியைக் கழுவ வேண்டும். இத்தனைக்கும் எஞ்சினின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எல்லாவற்றிலும் கொடியது அந்த வாயு. நிறமும் மணமும் இல்லாத நஞ்சு அது. மூடிய கொட்டகையில் கசிந்தால், தலைவலி என்று உட்கார்ந்தவன் மறுபடி எழுந்திருக்க மாட்டான்.

யுத்தத்தின் அனல் நம் பக்கமும் வீசியது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் நெருங்கி வந்தபோது, பர்மாவில் ஏனாஞ்சாங் என்ற இடத்திலிருந்த எண்ணெய்க் கிணறுகளை ஆங்கிலேயர் தாங்களே தகர்த்துவிட்டார்கள். அதே பர்மாவிலிருந்துதான் ஆயிரக்கணக்கான தமிழர்கள் காடும் மலையும் கடந்து கால்நடையாக ஊர் திரும்பினார்கள். வழியில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். இங்கே பெட்ரோலுக்கு ரேஷன். சென்னை ராஜதானியின் பஸ்களுக்குப் பின்புறத்தில் கரி உலைகள் முளைத்தன. மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனமே இத்தகைய காஸ் பிளாண்டுகளைத் தயாரித்தது.

கரி பஸ்ஸில் போன கதையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டுமாம். வெள்ளை வேஷ்டியோடு ஏறியவர் கறுப்பு வேஷ்டியோடு இறங்குவாராம். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அந்தக் கதைகளில் ஓரமாக ஒரு கிளீனர் பையன் வருவான். விடியற்காலையில் எழுந்து, கரியை உடைத்துப் போட்டு, கனல் பற்றும்வரை விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றுகிறவன் அவன்தான். புகையையும் நஞ்சையும் முதலில் முகர்ந்தவனும் அவனே. அவன் பெயரை மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

ஜப்பானில் நடந்தது இன்னும் பரிதாபம். 1944-45-இல் விமானத்துக்கு எண்ணெய் இல்லாமல் போகவே, பைன் மரத்தின் வேரைத் தோண்டிக் காய்ச்சி எண்ணெய் எடுக்க சர்க்கார் உத்தரவிட்டது. 200 வேர் இருந்தால் ஒரு விமானம் ஒரு மணி நேரம் பறக்கும் என்று பிரசாரம் செய்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் மண்வெட்டியோடு மலையேறினார்கள். மலைச்சரிவுகள் மொட்டையாயின. யுத்தம் முடியும்வரை அந்த எண்ணெயால் சொல்லத்தக்க பயன் எதுவும் விளையவில்லை.

யுத்தம் முடிந்தது; பெட்ரோல் வந்தது; உலைகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அப்புறம் அரை நூற்றாண்டு கழித்துத்தான் பொரித்த எண்ணெயின் மேல் கண் விழுந்தது. 2002-இல் வேல்ஸ் நாட்டின் லானெல்லி என்ற ஊரில் ஒரு வேடிக்கை நடந்தது. வரி கட்டாமல் சமையல் எண்ணெயில் கார் ஓட்டியவர்களை அதிகாரிகள் பிடித்தார்கள். வறுத்த மீன் கடையின் வாசனையோடு ஒரு கார் போனால், சந்தேகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்ததாம்! வருஷத்துக்கு 2,500 லிட்டர்வரை வரி இல்லை என்று பிரிட்டிஷ் சர்க்கார் இறங்கி வந்தது 2007-இல்தான். இந்தியாவிலும் 2018-இல், பலமுறை காய்ந்த எண்ணெயைக் கடைகளிலிருந்து திரட்டி பயோடீசல் ஆக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. காலையில் வடை சுட்ட எண்ணெயில் மாலையில் பஜ்ஜி போடும் வழக்கம் நம் வயிற்றைவிட்டு விலகினால் அதுவே பெரிய லாபம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. குப்பை என்று ஒதுக்கும்வரைதான் எந்தப் பொருளும் இனாம். நாலு பேர் கேட்கத் தொடங்கினால் அதற்கும் விலை பிறக்கும். முன்பு கொல்லையில் கொட்டிய எண்ணெய் இன்று தேசம் விட்டுத் தேசம் கப்பலேறும் சரக்காகிவிட்டது. எல்லா வண்டியும் அதில் ஓட வேண்டுமென்றால் உலகம் முழுவதும் மூன்று வேளையும் பஜ்ஜி தின்றாலும் போதாது.

இதனால் லண்டனிலிருந்து போனவர்களை நான் குறைவாக மதிப்பிடவில்லை. வழியில் வடிகட்டிய ஒவ்வொரு லிட்டரும் அவர்களுடைய கை வழியாகப் போயிற்று. அந்த ஊருக்குப் போக எவ்வளவு எரிகிறது என்பது அவர்களுக்கு உடம்பால் தெரியும். விறகு பிளந்த ஸ்வீடன்காரனுக்கும் தெரியும். நம் ஊர்க் கிளீனர் பையனுக்கும் தெரியும். வண்டியைவிட்டு இறங்காமலே டாங்கியை நிரப்பிக்கொண்டு, தெருமுனைக் கடைக்கும் காரில் போகிற நமக்குத்தான் தெரியாது. ஒரு நாள் நாமும் அந்தச் சக்கரத்தைச் சுற்ற நேர்ந்தால், பாதிப் பிரயாணங்கள் வேண்டாதவை என்று தாமாகவே விளங்கிவிடும்.