தோப்பி: வீட்டில் சமைத்த பீரின் கதை

பீர் என்றதும் நம்மில் பலருக்கு வெள்ளைக்காரன் ஞாபகம்தான் வரும். பாண்டிச்சேரிக்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம். மூலக்குளத்திலிருந்து வில்லியனூர் பக்கம் கொஞ்ச தூரம் போனால் ஆரியபாளையம். அங்கே அரசுக்குச் சொந்தமான சாராய ஆலையே இருக்கிறது. ஆக, இந்த ஊரில் குடி என்றால் ஒன்று ஆலையில் இருக்கும், இல்லாவிட்டால் கடையில் இருக்கும். சோறு, குழம்பு மாதிரி வீட்டு அடுப்பில் சமைக்கிற சமாச்சாரமாக அது ஒரு காலத்தில் இருந்தது என்று யாருக்கும் தோணாது. ஆனால் இருந்திருக்கிறது. அதுவும் நம்ம சுற்றுவட்டாரத்திலேயே.

(முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது யாரையும் குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். இது சரித்திரம் மட்டும்தான் :-))

முதலில் பீர் எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடுவோம். தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட் அதை நேரடியாகத் தின்னாது, அதற்குச் சர்க்கரை வேண்டும். தானியத்தை ஊறவைத்து முளைக்கவிட்டால், அந்த முளைக்குள் அமைலேஸ் என்ற நொதி உண்டாகும். அது மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும். ஐரோப்பாவில் முளைத்த பார்லியைக் காயவைத்து, உடைத்து, சுமார் 65 டிகிரி சூட்டில் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். இனிப்பான சாறு இறங்கும். அதை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து மூடிவைத்தால் பீர். வெளிநாடுகளில் இதை வீட்டில் செய்து பழகுகிறவர்கள் ஒரு பெரிய பாத்திரம், வடிகட்ட ஒரு துணி, மூடி போட்ட ஒரு வாளி, காற்று வெளியேற ஒரு குழாய் என்று கையில் கிடைப்பதை வைத்தே ஆரம்பிக்கிறார்கள். இதில் முக்கியமான ரகசியம் சூடுதான். சூடு அதிகமானால் நொதி செத்துப்போகும். அப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் கஞ்சி கஞ்சியாகவே இருக்கும்.

இப்போது பெரும்பாணாற்றுப்படைக்கு வருவோம். பத்துப்பாட்டில் ஒன்று. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பரிசு வாங்கப் போகிற பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு இது. இந்த ஊரில் இது சாப்பிடக் கிடைக்கும், அந்த ஊரில் அது கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். அதில் மீன் பிடிக்கும் வலைஞர் வீட்டுக்கு வந்ததும் ஒரு முழுச் சமையல் குறிப்பே இருக்கிறது.

நன்றாகக் குத்தித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்க வேண்டும். அதை வாய் அகன்ற பிழாவில் ஊற்றி ஆறவைக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் 'நல்லடை'யைக் கலக்க வேண்டும். உரைகள் இதை நெல் முளையின் அடை என்று விளக்குகின்றன. புலவர் இதற்குச் சொல்லும் உவமை புற்றுக்குள் இருக்கும் குரும்பி. வேர் பின்னிக் கட்டியாகிப்போன முளையைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை சட்டென்று புரியும். பிறகு கெட்டியான வாயுடைய சாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு. அப்புறம் விரலால் அலைத்துப் பிழிந்து அரித்தால் மணமான பிழி தயார். நடந்து களைத்து வந்த பாணனுக்குச் சுட்ட மீனோடு கிடைக்கும்.

கவனித்தீர்களா? கூழை ஆறவைத்த பிறகுதான் முளையைக் கலக்கிறார்கள். கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் நொதி செத்திருக்கும். தெர்மாமீட்டர் கிடையாது, அமைலேஸ் என்ற பெயரும் கிடையாது. வாய் அகன்ற ஒரு பாத்திரம், கை அனுபவம், அவ்வளவுதான் கருவி. ஈஸ்ட் தனியாகப் போட்டதாகப் பேச்சில்லை. முளையின் தோலிலும், திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற சாடியிலும் இருப்பதே போதும். நம்ம ஊர் வெயிலுக்கு இரண்டு நாளில் பொங்கிவிடும். ஹாப்ஸ் இல்லாததால் ரொம்ப நாள் தாங்காது. சமைத்தோமா, குடித்தோமா என்று இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ஜார்க்கண்ட், ஒடிசா பக்கம் ஆதிவாசிகள் வீட்டில் செய்யும் ஹண்டியாவும் அரிசியில் செய்வதுதான். ஆனால் அதற்கு 'ரானு' என்ற மாத்திரை வேண்டும், அதில் இருக்கும் பூஞ்சைதான் மாவை உடைக்கும். சீனா, ஜப்பானிலும் பூஞ்சை வழிதான். பெரும்பாணாற்றுப்படை சொல்வதோ முளை வழி. அதாவது தானியம் வேறாக இருந்தாலும், செய்முறையில் இது பீருக்கு நெருங்கிய சொந்தம்.

அதே பாட்டில் வேறோர் இடத்தில், வீட்டில் சமைத்த கள்ளுக்குத் 'தோப்பி' என்றே பெயர் வருகிறது. நெல்லில் செய்த கள் என்று நச்சினார்க்கினியர் உரை சொல்லும். இப்போது அந்தச் சொல்லை உரையில் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சிறுபாணாற்றுப்படை இன்னும் பக்கத்தில் வருகிறது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. அவன் நாடு நம்ம திண்டிவனம் பக்கம். அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று பலர் சொல்வார்கள். அங்கே கடல் அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரக்கட்டையை ஒரு நுளைமகள் அடுப்பில் எரிக்கிறாள். நாள்பட்ட தேறலை அரித்துத் தருவதும் அவள்தான். விருந்தாளிக்குப் பரதவர் அதை ஊட்டுகிறார்கள். வடிகட்டுகிறது வீட்டுப் பெண் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே கரையில் இன்னும் கொஞ்சம் தெற்கே அரிக்கமேடு. 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஆக அந்தக் காலத்திலும் வெளிநாட்டுச் சரக்கு வந்திருக்கிறது. அது வசதியுள்ளவர்களுக்கு. வலைஞர் வீட்டுக்கு அவங்க சாடி.

சரி, அந்தச் சாடி எங்கே போனது? ஒரே காரணம் சொல்ல முடியாது. மரத்திலிருந்து இறக்கினால் தானே பொங்கும் தென்னங்கள், பனங்கள் இருக்கும்போது அரிசியைச் செலவழிக்க வேண்டாம். காய்ச்சி வடித்த சாராயம் வந்தபிறகு கொஞ்சத்திலேயே போதை கிடைத்தது, எடுத்துப்போகவும் சுலபம். ஆனால் குடியை வீட்டுக்கு வெளியே நிரந்தரமாக நிறுத்தியது வருமானம். பிரிட்டிஷ் சென்னை மாகாணத்தில் 1886ஆம் வருஷ ஆப்காரிச் சட்டம் காய்ச்சுவது, இறக்குவது, விற்பது எல்லாவற்றையும் உரிமத்துக்கும் வரிக்கும் கீழே கொண்டுவந்தது. 1937ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948க்குள் அது மாகாணம் முழுக்கப் பரவியது. 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த பாண்டிச்சேரி அதற்கு வெளியே நின்றது. எல்லை தாண்டி வந்து குடிக்கும் ஊர் என்ற பெயர் நமக்கு ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் 1987லிருந்து கள்ளுக்கும் தடை. இந்தப் பக்கம் கள்ளுக்கடை, சாராயக்கடை இரண்டும் ஏலத்தில் போகின்றன.

இதில் தோற்றது யார்? 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பலர் மீனவர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். இரண்டிலும் எமன் மெத்தனால். அது தொழிற்சாலையில் பயன்படும் ரசாயனம். அரிசிக் கூழ் பொங்கி அவ்வளவு மெத்தனால் உண்டாகவே உண்டாகாது. நுளைமகள் தேறல் அரித்த அதே கரையில், உள்ளே என்ன இருக்கிறது என்று குடித்தவருக்கும் தெரியாமல் போனதுதான் கொடுமை. சாடி வீட்டில் இருந்தபோது அதில் என்ன போட்டோம் என்று போட்டவளுக்குத் தெரியும்.

அதற்காக வீட்டுக்கு வீடு காய்ச்சவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்த எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனால் உலகத்தில் வேறு வழியும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1880லிருந்து வீட்டில் பீர் செய்ய உரிமம் வாங்க வேண்டும். 1963ல் அதை நீக்கினார்கள். அமெரிக்காவில் 1978ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டு, சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் செய்வதற்கு மத்திய அரசின் தடையை விலக்கினார். நம்ம சட்டத்திலோ மெத்தனால் கலப்பதும் குற்றம், உரிமம் இல்லாமல் கூழைப் பொங்கவிடுவதும் குற்றம்.

கடைசியாக ஒன்று. அந்தக் கலை மொத்தமாகச் செத்துவிடவில்லை. குழந்தைக்குக் கஞ்சி வைக்க நம்ம வீட்டுப் பெண்கள் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைக்கிறார்களே, அது பீருக்கான முளை தயாரிப்பின் அதே வேலை. அந்த மாவில் கஞ்சி காய்ச்சினால் நீர்க்க வரும், லேசாக இனிக்கும். அதே அமைலேஸ்தான். ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழைப் புளிக்கவைப்பது இன்னொரு பாதி. முளை ஒரு பானையில், புளிப்பு ஒரு பானையில் என்று பிரிந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே சாடியில் இருந்தபோது அதற்குத் தோப்பி என்று பெயர்.