ஹவுசிங் போர்டு வீடு... தவணை கட்டி முடித்தாலே சொந்தமாகிவிடுமா?

ஓசூரில் ஆட்டோ ஏறி, "ஹவுசிங் போர்டு போங்கண்ணா" என்று சொல்லிப் பாருங்கள். "பாகலூர் ரோடு போர்டா, ஹட்கோவா?" என்று திருப்பிக் கேட்பார். ஹட்கோ என்பது வீட்டுத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்க 1970-ல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனத்தின் பெயர். அதுவே இங்கே ஒரு ஏரியாவின் பெயராகிவிட்டது.

1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து ஓசூருக்கு வேலை தேடி வந்தவர்கள் ஏராளம். அத்திப்பள்ளி, பொம்மசந்திரா கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு ஓசூரில் தங்குபவர்களும் உண்டு. வாடகை, அட்வான்ஸ், வருஷா வருஷம் ஏறும் தொகை என்று அலுத்துப்போனவர்களுக்கு அரசு வாரிய வீடு பெரிய ஆறுதல். ஆனால், அந்த வீடு எப்போது உங்களுக்குச் சொந்தமாகிறது? இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

நீங்கள் எந்த வகை?

முதலில் கையிலிருக்கும் ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துப் படியுங்கள். அதில் 'வாடகை' என்று இருக்கிறதா, 'தவணை முறை விற்பனை' என்று இருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

வாடகை வீடு: அரசு ஊழியர் வாடகைக் குடியிருப்பு இந்த வகை. முப்பது வருஷம் குடியிருந்தாலும், 'இதை எனக்கே விற்றுவிடுங்கள்' என்று கேட்க உரிமை கிடையாது. கம்பெனி குவாட்டர்ஸுக்கும் இதே கதைதான். 2020-ல் மத்திய அரசு அறிவித்த மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டமும் வாடகைக்கு மட்டுமே.

தவணை முறை வீடு: தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961-ல் உருவானது. இதில் முன்பணம் கட்டி, குத்தகையோடு கூடிய விற்பனை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, மாதத் தவணை கட்டுவீர்கள். கட்டி முடிக்கும்வரை வீடு வாரியத்தினுடையது. நீங்கள் ஒதுக்கீடுதாரர் மட்டுமே.

வாழ்விட வாரியக் குடியிருப்பு: 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாறிய அமைப்பு கட்டிய வீடுகள் இவை. ஆரம்பத்தில் வாடகைக்குக் கொடுக்கப்பட்ட பல குடியிருப்புகள் பின்னால் தவணைத் திட்டத்துக்கு மாற்றப்பட்டன. அதனால், 'அப்பா காலத்து வாடகை வீடு' என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது விற்பனைத் திட்டத்தில் இருக்கலாம். ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

கடைசித் தவணை, கடைசிப் படி அல்ல

அப்பா இருபது வருஷம் தவணை கட்டி முடிக்கிறார். ரசீதுகளை பீரோவில் பத்திரமாக வைக்கிறார். 'வீடு நம்மளுது' என்று நிம்மதியாகிறார். கிரயப் பத்திரம் மட்டும் வாங்கவில்லை. அவர் காலமான பிறகு, பிள்ளைகள் வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் விஷயம் தெரிகிறது. ஆவணப்படி வீடு இன்னும் வாரியத்தின் பெயரில்!

ரசீது பணம் கட்டியதற்கு மட்டுமே சாட்சி. உரிமை மாறுவது, பதிவுசெய்த கிரயப் பத்திரத்தில்தான்.

இன்னொரு சிக்கல், இறுதி விலை. ஒதுக்கும்போது சொல்லப்படும் விலை பெரும்பாலும் தற்காலிகமானது. நிலம் கொடுத்தவர்கள் நீதிமன்றம் போய்க் கூடுதல் இழப்பீடு வாங்கினால், அந்தச் சுமை வீட்டின் விலையில் ஏறும். 'எல்லாம் கட்டியாச்சே, இது என்ன புது பாக்கி?' என்று பலர் கோபப்படுவது இதனால்தான். கோபத்தில் நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள், வட்டி ஏறும். கணக்கு விவரத்தை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பழைய நிலுவைகளுக்கு அரசு அவ்வப்போது வட்டித் தள்ளுபடி அறிவிக்கும். அந்தச் சமயத்தில் முடித்துக்கொண்டால் நல்ல தொகை மிச்சமாகும்.

என்ன செய்ய வேண்டும்?

1. வாரியத்தின் உங்கள் பகுதிப் பிரிவு அலுவலகத்தில் கணக்கு விவரம் கேட்டு மனுக் கொடுங்கள். ஒதுக்கீட்டு ஆணை, ஒப்பந்தம், ரசீதுகளின் நகல்களை இணைத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

2. பாக்கி இருந்தால் கட்டி, நிலுவை இல்லை என்பதற்கான சான்று பெறுங்கள்.

3. ஒதுக்கீடு பெற்றவர் காலமாகியிருந்தால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள். அண்ணன், தம்பி, தங்கை எல்லாரையும் ஒரே நாள் உட்காரவைத்துப் பேசி முடிப்பது நல்லது. இழுக்க இழுக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் கூடிக்கொண்டே போவார்கள்.

4. கிரயப் பத்திரம் பெற்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்யுங்கள். பிறகு வில்லங்கச் சான்று போட்டு, உங்கள் பெயர் ஏறிவிட்டதா என்று சரிபாருங்கள்.

5. தனி வீடு, மனை என்றால் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: எல்லைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்குக் 'கத்தா' கேட்பார்கள், இந்தப் பக்கம் பட்டா. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

செலவு? வழக்கமான கிரயத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறையும் (2025 ஏப்ரல் முதல்). பணம் போதவில்லை என்றால், வீடு வாங்க பி.எஃப்-பில் முன்பணம் எடுக்க வழி இருக்கிறது. கம்பெனியில் விசாரியுங்கள்.

'பவர்' வாங்கினால் போதுமா?

போதாது. கிரயம் ஆகாத போர்டு வீட்டை அக்ரிமென்ட், பவர் பத்திரம் மூலம் விற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 'விலை கம்மி சார், அப்புறம் மாத்திக்கலாம்' என்பார்கள். பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால், பொதுவாக அந்தப் பவரும் முடிந்துபோகும். பிறகு அவருடைய வாரிசுகளிடம் நீங்கள் கெஞ்ச வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் 1980-ம் ஆண்டுச் சட்டம், மூன்று வருஷம் குடியிருந்த கவுன்சில் வாடகைதாரர்களுக்கு வீட்டை வாங்கும் உரிமையையே கொடுத்தது. தள்ளுபடி 33 முதல் 50 சதவிகிதம். லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டுக்காரர்களாயின. ஆனால், விற்ற அளவுக்குப் புதிதாகக் கட்டாததால், அடுத்து வந்த ஏழைகளுக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை. ஸ்காட்லாந்து 2016-லும் வேல்ஸ் 2019-லும் அந்த உரிமையை நிறுத்திவிட்டன. சிங்கப்பூரோ 1964-ல் மக்களுக்கு வீட்டை விற்கத் தொடங்கி, 1968 முதல் சேமநிதிப் பணத்திலேயே வாங்க அனுமதித்தது. கூடவே, கட்டிக்கொண்டே இருந்தது.

நம் ஊரில் வாடகைதாரருக்கு அப்படியொரு பொது உரிமை இல்லை. இருப்பது தவணை வழிதான். அதில் இருபது வருஷ உழைப்பைப் போட்டவர்கள் ஒரு பத்திரத்துக்காகக் கோட்டை விடக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து பாருங்கள். கிரயப் பத்திரம் இருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த வார ஆஃபில் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்!