குலச்சின்னமும் ஆவணமும்: அல்ஸ்டர் அலுவலகத்தின் மரபு

குலச்சின்னங்களை வழங்குதல், குடிவழிகளைச் சரிபார்த்துப் பதிவுசெய்தல் ஆகிய பணிகளுக்காக அயர்லாந்தில் 1552இல் ஆறாம் எட்வர்டு மன்னரால் உருவாக்கப்பட்ட பதவி ‘அல்ஸ்டர் கிங் ஆஃப் ஆர்ம்ஸ்’ ஆகும். உயர்குடியினரின் உரிமைகளை உறுதிசெய்யவே இப்பதவி தோன்றியது. எனினும், இதன் வரலாற்றுப் பயன் அந்நோக்கத்தைக் கடந்து நிற்கிறது.

1820 முதல் 1853 வரை இப்பதவியை வகித்த வில்லியம் பெத்தாம், திருச்சபையின் உயர் உயில் நீதிமன்றத்தில் 1800 வரை பதிவான உயில்களிலிருந்து பெயர், ஊர், உறவுமுறை, காலம் முதலிய செய்திகளைத் திரட்டினார். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையானது. மூல உயில்களுள் பெரும்பாலானவை அழிந்தன. அதன்பின் பெத்தாமின் சுருக்கங்களே அவற்றுக்கு மாற்றுச் சான்றுகளாயின.

அரசு பிரபுப் பட்டம் வழங்குவதை 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு விலக்கியது. ஆயினும், 1943இல் இவ்வலுவலகத்தை ஏற்ற அயர்லாந்து அரசு அதனைக் கலைக்கவில்லை. மரபுவழி அலுவலகமாகத் தொடரச் செய்தது. 1945இல் நாட்டின் யாழ்ச் சின்னமும் அங்கேயே பதிவாயிற்று. முடியாட்சியின் கருவி இவ்வாறு தேசிய நினைவின் காப்பகமாயிற்று.

இந்நினைவு முழுமையானதன்று. ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் சொத்து வைத்திருந்தோரின் உயில்களே அந்நீதிமன்றத்திற்குரியவை. ஆகவே, உடைமையற்ற குடியானவர்களின் வரலாற்றை இச்சுருக்கங்களைக் கொண்டு எழுத இயலாது. எஞ்சிய ஆவணத்தைப் பயன்படுத்துவோர், அதில் இடம்பெறாதோரையும் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.