நான்காவது சுற்றும் பொற்பதக்கமும்

ஊவா மலைநாட்டில் வாழ்வோருக்குக் குளிர் புதிதன்று. மார்கழி, தை மாதத்து விடியற்பொழுதில் அப்புத்தளை மலைமுகட்டில் வீசும் காற்றையும், தேயிலைச் சரிவுகளை மூடி நிற்கும் பனிமூட்டத்தையும் அவர்கள் நன்கறிவர். ஆயினும் ஏரி நீர் முழுவதும் உறைந்து பாறைபோல் இறுக, அதன்மீது மாந்தர் கத்தி பொருத்திய பாதணி அணிந்து வழுக்கி விளையாடும் காட்சி நமது நாட்டுக்கு உரியதன்று. ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் பொழுதுபோக்காய்த் தோன்றிய அவ்விளையாட்டு, நாளடைவில் இசைக்கேற்ப ஆடும் நடனமாய் வளர்ந்து, 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவிலேயே பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. பனித்தரைச் சறுக்கு நடனம் என்று அதனை நாம் அழைக்கலாம். அன்றுதொட்டு அதனை விட்டு நீங்காத வழக்கு ஒன்று உண்டு. பிறர் அஞ்சும் அருஞ்செயலைச் செய்தவருக்கா, எளிதாயினும் பிழையின்றிச் செய்தவருக்கா பரிசு உரியது என்பதே அவ்வழக்கு.

தொடக்க காலத்திற் பாய்ச்சல்களுக்கு அத்துணை மதிப்பில்லை. நம் வீட்டு முற்றத்திலே பெண்கள் கோலம் இடுவதுபோல, ஆட்டக்காரர் தம் காற்கத்தியின் விளிம்பினாற் பனித்தரையில் வட்டங்களையும் எட்டு வடிவங்களையும் வரைந்து காட்டவேண்டும். ஒருமுறை வரைந்த கோட்டின்மேலேயே மறுமுறையும் செல்லவேண்டும். நடுவர்கள் குனிந்து நின்று அக்கோட்டை ஆராய்வார்கள். நீண்ட காலம் மொத்த மதிப்பெண்ணில் 60 விழுக்காடு இந்தக் கோலத்துக்கே உரியதாயிருந்தது. 1972ஆம் ஆண்டு யப்பானின் சப்போரோ நகரில் நடந்த ஒலிம்பிக்கில், ஒஸ்திரியா நாட்டு பியாட்ரிக்ஸ் ஷூபா கட்டாய உருவங்களைப் பிறர் எட்டமுடியாத திறமையுடன் வரைந்து, இசைக்கேற்ற ஆட்டத்தில் ஏழாம் இடமே பெற்றும் பொற்பதக்கம் வென்றார். அமெரிக்க நங்கை ஜனற் லின் மனங்கவர ஆடியும் வெண்கலத்தோடு நின்றார். தொலைக்காட்சியில் ஆட்டத்தை மட்டுமே கண்ட மக்களுக்கு இத்தீர்ப்பின் பொருள் விளங்கவில்லை. கோலத்தின் பங்கு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1990ஆம் ஆண்டுடன் முற்றாக நீக்கப்பட்டது. ஷூபா பெற்ற பரிசு முறைகேடானதன்று. அன்றைய விதி எதனை மதித்ததோ அதிலே அவர் முதல்வராய் இருந்தார், அவ்வளவே.

கோலம் குறையக் குறையப் பாய்ச்சல் ஓங்கிற்று. 1882இல் வியன்னாவிலே நோர்வே நாட்டு அக்செல் போல்சன் முன்னோக்கி எழுந்து பாய்ந்து பின்னோக்கி இறங்கினார். அவர் பெயராலேயே அப்பாய்ச்சல் இன்றும் அக்செல் எனப்படுகிறது. ஏனைய பாய்ச்சல்களிலும் இதில் அரைச் சுற்று மிகுதி. அமெரிக்கரான டிக் பட்டன் 1948இல் அதனை இரட்டைச் சுற்றாக்கினார். அவரே 1952இல் மூன்று சுற்றுப் பாய்ச்சல் ஒன்றையும் முதன்முதலிற் செய்துகாட்டினார். 1988இல் புடாபெஸ்ட் நகரிலே கனடிய வீரர் கேட் பிறவுணிங் நான்கு சுற்றுச் சுழன்று இறங்கினார். ஒரு விநாடிக்கும் குறைந்த பொழுதிலே வானில் நான்கு முறை சுழன்று, ஒற்றைக் காலிற் கத்தியின் விளிம்பிலே வந்து நிற்பது எத்தகைய செயல் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். அதன் பின்னர், நான்கு சுற்று இல்லாதவன் ஆண்மகனா என்று கேட்கும் காலமும் வந்தது.

பெண்களுக்கு அந்த அளவுகோல் மூன்றரைச் சுற்று அக்செல் ஆயிற்று. 1992ஆம் ஆண்டு அல்பேர்வில் ஒலிம்பிக்கில் யப்பானிய நங்கை மிடோரி இற்றோ அதனை முதன்முறை முயன்று வீழ்ந்தார். அதே ஆட்டத்தில் மீண்டும் முயன்று வென்றார். ஒலிம்பிக்கில் இதனைச் செய்த முதற்பெண் அவரே. ஆயினும் அவருக்குக் கிடைத்தது வெள்ளி. பொற்பதக்கமோ, அப்பாய்ச்சலை முயலாத அமெரிக்க நங்கை கிறிஸ்ற்றி யமகுச்சிக்குச் சென்றது.

2002ஆம் ஆண்டு சோல்ற் லேக் நகரில் நடுவர் ஒருவர் வற்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறியதனால் இணையர் போட்டியிற் பெருங்குழப்பம் விளைந்து, இரண்டு இணைகளுக்குப் பொற்பதக்கம் வழங்க நேர்ந்தது. ஆறு புள்ளியை உச்சமாகக் கொண்ட பழைய முறை கைவிடப்பட்டு, 2004இல் புதிய மதிப்பீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. இம்முறையைத் தோட்ட மக்களுக்கு விளக்குவது எளிது. மாலையிலே கொழுந்துக் கூடையை நிறுக்குமிடத்தில் எடை மட்டும் பார்ப்பதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய்க் கிள்ளப்பட்டதா, முற்றல் இலை கலந்துள்ளதா என்றும் கூடைக்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள். முற்றல் இருந்தால் எடையிற் கழிவு உண்டு. அவ்வாறே பனித்தரையிலும் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அதன் அருமைக்கேற்ற அடிப்படைப் புள்ளி உண்டு. அதனைச் செய்த விதத்துக்கேற்ப நடுவர்கள் கூட்டுவர் அல்லது கழிப்பர். சுழற்சிகளுக்கும் கால்வேலைக்கும் தனிப் புள்ளி. ஆட்டத்தின் அமைப்புக்கும் இசைநயத்துக்கும் வேறு புள்ளி. கால்கள் களைத்திருக்கும் பிற்பாதியிற் செய்யும் பாய்ச்சலுக்கு அக்காலத்திற் பத்து விழுக்காடு மிகுதியும் உண்டு.

இக்கணக்கின் விளைவு 2010ஆம் ஆண்டு பெப்ரவரியில் வான்கூவர் நகரிற் புலனாயிற்று. 2006இற் பொற்பதக்கம் வென்ற இரஷ்ய வீரர் எவ்கெனி பிளஷென்கோ, ஓய்விலிருந்து மீண்டு வந்திருந்தார். நான்கு சுற்றுப் பாய்ச்சலையும் மூன்று சுற்றுப் பாய்ச்சலையும் தொடராகப் பிணைத்துச் செய்தார், வீழவுமில்லை. அமெரிக்கரான எவன் லைசசெக் நான்கு சுற்றை முயலவேயில்லை. முந்திய ஆண்டு இடது பாதத்து எலும்பில் ஏற்பட்ட கீறலின் காரணமாக அவர் அதனை ஒதுக்கியிருந்தார். அவ்வாறு ஒதுக்கியும் அவ்வாண்டு உலகப் போட்டியில் வென்றிருந்தார். தெமோதரைக்கு வந்த புகைவண்டி செங்குத்தாகக் கீழே பாயமாட்டாமல், குன்றைச் சுற்றி வளைத்து மெல்ல இறங்கி, தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே குகை வழியே நுழைந்து பதுளையை நோக்கிச் செல்வதை அறியாதவர் ஊவாவில் இல்லை. லைசசெக் வகுத்த வழியும் அத்தகையது. பாய்ச்சல்கள் பலவற்றைப் பிற்பாதிக்குத் தள்ளினார். சுழற்சி ஒவ்வொன்றுக்கும் உரிய உயர்புள்ளியைத் தேடினார். ஒரு காலடியும் வீணாகவில்லை.

முதல் நாட் சுருக்க ஆட்டத்தில் பிளஷென்கோ 90.85, லைசசெக் 90.30. ஒரு நாள் இடைவிட்டு நடந்த நீண்ட ஆட்டத்தில் லைசசெக் 167.37, பிளஷென்கோ 165.51. கூட்டுத்தொகை 257.67, 256.36. ஒன்றரைப் புள்ளிக்கும் குறைந்த இடைவெளியிற் பொற்பதக்கம் கைமாறியது. அன்றைய பட்டியலில் நான்கு சுற்றுக்கு 9.8 புள்ளி, மூன்றரைச் சுற்று அக்செலுக்கு 8.2. அந்த அக்செலைப் பிற்பாதியிற் செய்தால் 9.02 ஆகிவிடும். எலும்பு முறியும் துணிவுக்கு உரிய விலை இவ்வளவு தானா என்று பிளஷென்கோ தரப்பினர் கொதித்ததில் வியப்பில்லை. நான்கு சுற்று இல்லையெனில் அது ஆண்களின் சறுக்காட்டமன்று, வெறும் நடனமே என்றார் அவர். நியாயமான கோபந்தான். ஆயினும் போட்டிக்குள் இறங்குமுன்னரே அப்பட்டியல் அவர் கைக்கும் எட்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது. கணித வினாத்தாளிற் கடைசிக் கணக்கையே கட்டிக்கொண்டு, மற்றவற்றை அரைகுறையாக விட்டுவரும் மாணவர் எல்லா ஊர்ப் பாடசாலைகளிலும் உண்டு. அறிவில் அவர்கள் குறைந்தவரல்லர்.

ஒரு வாரம் கழித்துப் பெண்கள் போட்டியிலும் அதே கதை நடந்தது. யப்பானின் மாவோ அசாடா மூன்றரைச் சுற்று அக்செலை இரு ஆட்டங்களிலுமாக மும்முறை செய்தார்; ஒரே போட்டியில் அவ்வாறு செய்த முதற்பெண் அவரே. தென்கொரியாவின் கிம் யூனா அதனை ஒருமுறையேனும் முயலவில்லை. கிம் பெற்றது 228.56, அசாடா பெற்றது 205.50. ஆண்கள் முடிவைக் குறித்து எழுந்த பூசல் இங்கு எழவில்லை. அசாடாவின் ஏனைய பாய்ச்சல்களிற் பிழை நேர்ந்தது. கிம்மின் நீண்ட ஆட்டத்திலோ எவ்விடத்திலும் பிசிறில்லை. இருபத்து மூன்று புள்ளி இடைவெளிக்குமுன் வழக்காட யாரால் இயலும்?

விதிகளை வகுத்தோர் வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டே நான்கு சுற்றின் விலை 10.3ஆக உயர்த்தப்பட்டது. ஆண்கள் மீண்டும் வானை நோக்கினர். 2018இல் தராசு மறுபக்கம் சற்றே சாய்க்கப்பட்டது. நான்கு சுற்றின் அடிப்படை விலை 9.5ஆகக் குறைந்தது; செய்நேர்த்திக்குக் கூட்டவும் கழிக்கவும் இருந்த மூன்று படிகள் ஐந்தாயின.

ஆனால் இதற்குள் இளஞ்சிறுமியர் நான்கு சுற்றைக் கற்கத் தொடங்கிவிட்டனர். உடல் முதிருமுன் எடை குறைந்த பருவத்தில் அது எளிதாயிற்று. ஆண்டுகள் செல்ல, முதுகும் முழங்காலும் அதற்குரிய கடனைக் கேட்டன. 2022ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் இரஷ்ய நங்கை அலெக்சாந்திரா துருசோவா ஒரே ஆட்டத்தில் ஐந்து முறை நான்கு சுற்றை முயன்று வெள்ளி பெற்றார். அவ்வாண்டே, பெரியோர் போட்டியிற் கலந்துகொள்வதற்குரிய வயதெல்லையைப் பதினைந்திலிருந்து படிப்படியாகப் பதினேழாக உயர்த்துவதென்று பன்னாட்டுச் சங்கம் முடிவு செய்தது. இதுவாவது காலத்தோடு செய்யப்பட்டிருக்கலாகாதா என்று பெற்றோர் எவரும் கேட்பர்.

அந்தப் பெய்ஜிங் மேடையில் வெண்கலம் பெற்றவர் யப்பானின் கவோரி சகாமோற்றோ. அவருடைய ஆட்டத்தில் நான்கு சுற்றுமில்லை. மூன்றரைச் சுற்று அக்செலுமில்லை. எனினும் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து உலக வாகையர் ஆனார். 1968ஆம் ஆண்டு பெகி பிளெமிங் தமது மூன்றாவது தொடர்வெற்றியைப் பெற்றபின் பெண்களில் எவரும் செய்யாத செயல் அது. அவர் செய்த அக்செல், பட்டன் 1948இற் செய்த அதே இரட்டை அக்செல். தரையை வேகமாகக் கடந்து வந்து, உயர எழுந்து, நெடுந்தூரம் தாண்டி இறங்கி, இறங்கிய வேகம் சிறிதும் குறையாமல் வழுக்கிச் செல்வார். நடுவர்கள் அதற்கு நான்கும் ஐந்துமாகப் படி கூட்டினார்கள்.